நல்ல நிய்யத் மட்டும் போதுமா?
பழைய மருத்துவக் கிதாபுகள் தரும் பாடம்

 



புகாரி ஷரீஃபின் முதல் ஹதீஸ் நம் பிள்ளைகளுக்குக் கூட மனப்பாடம். செயல்களின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்று நமக்குக் கற்றுத் தரும் ஹதீஸ் அது. தொழுகை, நோன்பு, ஸகாத் என எந்த அமலாக இருந்தாலும் நிய்யத்தை வைத்தே கூலி. இதில் யாருக்கும் மறுப்பில்லை.

ஆனால் இந்த ஹதீஸை நாம் எந்த இடத்தில் துணைக்கு அழைக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரிடம், "மாத்திரையை நிறுத்துங்க மாமா, இந்தக் கஷாயத்தைக் குடிங்க, பழைய கிதாபிலேயே இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன், என் நிய்யத் அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்கிறோம். நிய்யத் அல்லாஹ்வுக்குத் தெரியும் என்பது உண்மைதான். கேள்வி வேறு. நல்ல நிய்யத் இருந்துவிட்டால், இல்ம் இல்லாமல் செய்த காரியத்தின் பொறுப்பிலிருந்து ஒருவன் தப்பித்துக்கொள்ள முடியுமா?

இந்த வாரம் இந்தக் கேள்விக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபியில் கைப்பட எழுதப்பட்ட மருத்துவக் கிதாபுகளின் வழியாகப் பதில் தேடுவோம். அவற்றின் பெயரைச் சொல்லித்தான் இன்று பல தவறுகள் நடக்கின்றன. அந்தக் கிதாபுகளை எழுதியவர்களே இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

நாயகம் (ஸல்) அவர்கள் கோபப்பட்ட இடம்

முதலில் ஹதீஸைப் பார்ப்போம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அந்தத் தோழர்கள்தான் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்றும் கூறினார்கள்.

அந்தத் தோழர்களின் நிய்யத்தில் என்ன குறை? மார்க்கத்தைப் பேண வேண்டும், சகோதரரின் தொழுகை கூட வேண்டும் என்பதுதான் அவர்களின் எண்ணம். இருந்தும் அந்த நிய்யத்தைக் காட்டி நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. தெரியாத விஷயத்தில் தெரிந்தவர்களைப் போலத் தீர்ப்புச் சொன்னதுதான் குற்றமாயிற்று.

இன்னொரு ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய கிதாபுகளில் உள்ளது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், ஏற்படும் பாதிப்புக்கு அவரே பொறுப்பாளி, 'ளாமின்' என்பது அதன் கருத்து. மருத்துவரின் எண்ணம் நல்லதா கெட்டதா என்று அந்த ஹதீஸ் பிரிக்கவில்லை. அறிந்தவரா அறியாதவரா என்றுதான் பிரிக்கிறது.

இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' கிதாபில் இந்த ஹதீஸை விரித்து எழுதும்போது மருத்துவர்களைப் பல வகையாகப் பிரிக்கிறார்கள். கலையை முறைப்படி கற்றவர், நோயாளியின் அனுமதியோடு, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய விதத்தில் செய்தார், கையும் தவறவில்லை, அப்படியும் நோயாளி இறந்துவிட்டார் என்றால் அவர் மீது பொறுப்பில்லை. தன்னைக் கற்றவன் என்று நம்பவைத்து மருத்துவம் பார்த்த ஜாஹிலோ, தான் கெடுத்ததற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன். ஆக, முடிவு நம் கையில் இல்லை, அது அல்லாஹ்வின் கையில். ஆனால் அறிவும் அனுமதியும் நம் கையில் உள்ளவை. நம் கையில் உள்ளதைப் பற்றித்தான் நம்மிடம் கேள்வி.

பக்தாதில் நடந்த பரீட்சை

ஹிஜ்ரி 319, கி.பி. 931. பக்தாதில் கலீஃபா முக்ததிரின் ஆட்சி. ஒரு மருத்துவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்துவிட்ட செய்தி கலீஃபாவுக்குப் போனது. இனிமேல் பரீட்சையில் தேறாத எவரும் நகரில் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று உத்தரவிட்டு, சினான் இப்னு ஸாபித் என்ற தலைமை மருத்துவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். 860-க்கும் மேற்பட்டோர் பரீட்சைக்கு வந்தார்கள். திறமையால் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களும் அரண்மனை மருத்துவர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ இதை எழுதி வைத்திருக்கிறார்.

அதில் ஒரு சுவையான சம்பவம். நல்ல உடையும் கம்பீரமும் கொண்ட ஒரு முதியவர் வந்தார். சினான் அவரை மரியாதையாக உட்கார வைத்து, ஷைகே, உங்களிடம் நானும் ஏதாவது கற்றுக்கொள்கிறேனே என்றார். முதியவர் பொற்காசுகளை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குடும்பம் இதில்தான் பிழைக்கிறது, வயிற்றில் அடிக்காதீர்கள் என்று கெஞ்சினார். சினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது. எளிய நோய்களுக்குத் தவிர இரத்தம் குத்தி எடுப்பதோ கடும் பேதி மருந்தோ கூடாது. முதியவர், நான் ஆயுள் முழுக்க அப்படித்தான் இருந்தேன், தேன்காடியையும் சர்பத்தையும் தாண்டியதே இல்லை என்றார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தாய் என்று கேட்டால், என் தகப்பனாரிடம் என்கிறார். யார் உன் தகப்பனார்? நேற்று உங்களிடம் வந்த பெரியவர்தான்! அவர் வழியைத் தாண்டாதே என்று சொல்லி அவரையும் அனுப்பி வைத்தார்.

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்த எழுத்தறியாத கிழவரிடம் ஒரு பெரிய இல்ம் இருந்தது. தன் எல்லை எது என்ற இல்ம் அது. நம்மில் பலரிடம் அது இல்லை.

பாட்னாவில் உள்ள ஒரு கிதாபு

பீஹார் மாநிலம் பாட்னாவில் கங்கைக் கரையில் குதா பக்ஷ் நூலகம் இருக்கிறது. முஹம்மது பக்ஷ் என்பவர் சுமார் 1,400 கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்தார். இதைப் பெருக்கி மக்களுக்குத் திறந்துவிடு என்று மகனுக்கு வஸிய்யத் செய்துவிட்டு மவ்த்தானார். மகன் மவ்லவி குதா பக்ஷ் கான் ஒரு வக்கீல். சம்பாத்தியத்தைக் கிதாபுகளில் கொட்டி அதைச் சுமார் 4,000 பிரதிகளாக்கி, 1891-ல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். 1969-ல் நாடாளுமன்றம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

அங்கே 12-ஆம் நூற்றாண்டில் பிரதியெடுக்கப்பட்ட ஒரு கிதாபு பாதுகாக்கப்படுகிறது. ஸ்பெயினில் குர்துபாவுக்கு அருகே வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ எழுதிய 'அத்தஸ்ரீஃப்' கிதாபின் அறுவை சிகிச்சைப் பகுதி. கிதாபு மொத்தம் 30 பாகங்கள். கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை. ஏறக்குறைய 200 கருவிகளின் படங்களை வரைந்து, எதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கியிருக்கிறார்.

இந்தப் படங்களைத்தான் நாம் வாட்ஸ்அப்பில் பெருமையோடு பகிர்கிறோம். அந்தப் பாகத்தின் முன்னுரையை எத்தனை பேர் படித்திருப்போம்? அதில் ஸஹ்ராவீ தான் கண்ணால் கண்டதை எழுதுகிறார். ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்த கட்டியை ஒரு ஜாஹிலான மருத்துவர் அறுத்தார். கழுத்து நரம்புகள் அறுபட்டு, இரத்தம் கொட்டி, அவர் முன்னாலேயே அந்தப் பெண் இறந்து விழுந்தாள். இன்னொருவர் ஒரு வயோதிகரின் மூத்திரப்பையிலிருந்து பெரிய கல்லை எடுக்க முயன்றார். பையின் ஒரு பகுதியும் சேர்ந்து வந்துவிட்டது. மூன்று நாள் போல உயிரோடிருந்து அவர் இறந்தார். அந்தக் கல்லை எடுக்க முதலில் என்னைத்தான் அழைத்தார்கள், கல்லின் அளவையும் அவர் உடல்நிலையையும் பார்த்து அவர் தாங்கமாட்டார் என்று உணர்ந்தேன் என்கிறார் ஸஹ்ராவீ.

சகோதரர்களே, சிந்தியுங்கள். தன் காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர், இது என்னால் ஆகாது என்று கையை இழுத்துக்கொள்கிறார். தெரியாதவர் துணிந்து கத்தியை எடுக்கிறார். அந்த இருவரின் எண்ணத்தைக் கேட்டிருந்தால் இருவருமே நோயாளிக்கு நல்லதைத்தான் நாடினோம் என்று சொல்லியிருப்பார்கள். வித்தியாசம் அறிவில் இருந்தது. அதைவிட, அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சத்தில் இருந்தது.

ஒரு நுக்தாவின் கனம்

எழுதியவர்கள் மட்டுமல்ல, பிரதியெடுத்தவர்களும் இந்தப் பொறுப்பைச் சுமந்தார்கள். அச்சு இயந்திரம் இல்லாத காலம். ஒரு கிதாபைப் பார்த்து இன்னொன்று கையால் எழுத வேண்டும். அரபி எழுத்தில் ஒரு நுக்தா, ஒரு புள்ளி, போதும். 'கல்லுன்' என்றால் காடி, அதாவது வினிகர். அந்த முதல் எழுத்தின் மேலுள்ள புள்ளி விடுபட்டால் அது 'ஹல்லுன்', நல்லெண்ணெய். மருந்துச் சீட்டில் காடி இருக்க வேண்டிய இடத்தில் நல்லெண்ணெய் வந்துவிடும்! வேறோர் இடத்தில் இப்படி ஒரு பிழை உயிரையே வாங்கிவிடலாம்.

ஆகவே எழுதி முடித்ததும் மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிப்பார்கள். இதற்கு 'முகாபலா' என்று பெயர். ஒப்பிட்டு முடித்த இடத்தில் ஓரத்தில் 'பலக' என்று குறிப்பு எழுதுவார்கள்; இதுவரை வந்து சேர்ந்தோம் என்று பொருள். ஹதீஸ் கிதாபுகளைப் பாதுகாத்த அதே முறைதான் இது. தெரியாத ஊரில், தெரியாத காலத்தில், ஒரு நோயாளி இந்த வரியை நம்புவார் என்ற எண்ணத்தோடு விளக்கொளியில் உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். இன்று நாம் ஒரு செய்தியை முழுசாகப் படிக்காமலேயே ஐந்து குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம்.

கண்டதை மறைக்காதவர்கள்

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ ரய் நகரில் பிறந்து, ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நிர்வகித்தவர். அவர் ஆயுள் முழுக்க எழுதிய குறிப்புகளை அவர் இறந்த பிறகு தொகுத்ததுதான் 'அல்ஹாவீ'. அதன் ஒரு பகுதியின் கி.பி. 1094-ல் எழுதப்பட்ட பிரதி இன்று அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தில் இருக்கிறது. இந்தப் பெரும் கிதாபு 23 பாகங்களாக அச்சேறியது நம் நாட்டில்தான். 1888-ல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1955 முதல் அதை வெளியிட்டது.

அல்ஹாவீயில் கிரேக்க ஜாலீனூஸின் பெயர் இருக்கிறது. நம் நாட்டுச் சரகர், சுஷ்ருதர் பெயர்களும் இருக்கின்றன. கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தவர்களில் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். யாரிடமிருந்து எடுத்தோம் என்று பெயர் சொல்லி எழுதுவதை அவர்கள் அமானத்தாகக் கருதினார்கள். கூடவே, முன்னோர் சொன்னதற்கு மாறாகத் தன் நோயாளியிடம் கண்டதையும் ராஸீ எழுதினார். மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் குத்தி எடுத்து, இன்னொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, அந்த வைத்தியம் உண்மையில் பலன் தருகிறதா என்று பார்த்ததாக அதில் குறிப்பிடுகிறார்.

ஒரு கூட்டத்தாரை அப்படி விட்டது சரியா என்ற கேள்வி எழும், நியாயமான கேள்வி. இன்று இத்தகைய சோதனை நடத்துவோர் நோயாளியிடம் விளக்கி அனுமதி வாங்கியாக வேண்டும். இப்னுல் கய்யிம் (ரஹ்) வலியுறுத்திய அனுமதி இங்கேயும் வந்து நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இரத்தம் குத்தி எடுப்பது நல்லது என்று ராஸீ முடிவுக்கு வந்தார். இன்று எந்த மருத்துவமனையிலும் மூளைக் காய்ச்சலுக்கு அப்படிச் செய்வதில்லை. அவர் கண்ட முடிவு நிலைக்கவில்லை. இது பலன் தருகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தன்னைத் தானே கேட்டாரே, அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது.

இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 687-ல், கி.பி. 1288-ல் கெய்ரோவில் வஃபாத்தானவர். மருத்துவர், அதோடு ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹைப் பாடம் நடத்தியவர். இமாம் சுப்கீ (ரஹ்) ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றில் அவரையும் சேர்த்திருக்கிறார்கள். இதயத்தின் வலப்புறமிருந்து இடப்புறத்துக்கு நடுச்சுவரின் துவாரங்கள் வழியாக இரத்தம் போகிறது என்று ஜாலீனூஸ் சொல்லியிருந்தார். இப்னு ஸீனாவும் அதே வழியில் சென்றார். இப்னு ஸீனாவின் 'கானூன்' கிதாபுக்கே விளக்கவுரை எழுதிய இப்னுன் நஃபீஸ், அந்தச் சுவரில் துவாரமே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் மறுபுறம் வருகிறது என்று எழுதினார். பெரியவர்களை மதித்தார், உரை எழுதும் அளவுக்கு மதித்தார். ஆனால் மரியாதைக்காக உண்மையை விழுங்கவில்லை.

அந்த விளக்கவுரை பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1924-ல் முஹ்யித்தீன் தத்தாவீ என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் அதைப் படித்து உலகுக்குச் சொன்னார். இப்னுன் நஃபீஸ் தன் வீட்டையும் கிதாபுகளையும் கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.  நோயாளிகளுக்கு விட்டுச் செல்ல அவர் கிதாபைத் தேர்ந்தெடுத்தார்.

நம் ஊருக்கு வருவோம்

பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டை, மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்ற பழைய துறைமுகம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு அரபு வணிகர்களின் கப்பல்கள் வந்துபோன வரலாறு நமக்கு உண்டு. சென்னையில் 1869-ல் தொடங்கப்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளோடு அரபி, பாரசீகப் பிரதிகளும் இருக்கின்றன. அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பட்டம் வாங்க ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும். யுனானியோ சித்தாவோ, முறையாகப் படித்துப் பார்க்கிற வைத்தியர்களைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. ஐந்தரை ஆண்டு படித்தவர் தயங்கும் இடத்தில், ஐந்து நிமிட வீடியோ பார்த்தவர் துணிவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நம்மைச் சுற்றி வயல்கள். பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது; அங்கே எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். புவனகிரியிலிருந்து சிதம்பரம் எவ்வளவு தூரம்? ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஊர். ஆனால் "முதல்ல இதைப் பூசிப் பாருங்க, அதைக் குடிச்சுப் பாருங்க" என்று ஆளுக்கொரு யோசனை சொல்வதிலேயே அந்த நேரம் போய்விடுகிறது. சொன்ன அனைவரின் நிய்யத்தும் நல்லதுதான்!

ஓதிப் பார்ப்பது சுன்னத். தண்ணீர் ஓத வருபவர்களுக்கு நாங்கள் ஓதித்தான் தருகிறோம். ஆனால் ஓதிய தண்ணீரோடு, டாக்டரிடம் காட்டினீர்களா என்ற கேள்வியையும் சேர்த்துத் தர வேண்டியது இமாம்களின் கடமை. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் காயம்பட்டு இரத்தம் கட்டியபோது இரண்டு வைத்தியர்களை அழைத்தார்கள். உங்கள் இருவரில் யார் மருத்துவத்தில் சிறந்தவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததாக முவத்தாவில் வருகிறது. துஆவின் தலைவரே, அல்லாஹ்வின் ஹபீபே, திறமையானவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே பதில் என்ன?

நிய்யத் ஹதீஸும் பொறுப்பு ஹதீஸும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒருவருக்கு நன்மை செய்ய உண்மையிலேயே நாடுபவன், எது நன்மை என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க மாட்டான். ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தவன் வழியை விசாரிப்பான். விசாரிக்காமலே கிளம்புகிறவனுக்கு ஹஜ்ஜைவிட, ஹஜ்ஜுக்குப் போகிறான் என்ற பேச்சின் மீதுதான் ஆசை அதிகம். அதேபோல, நோயாளியின் சுகத்தை நாடுகிறவன் தெரிந்தவரிடம் கேட்பான். தெரியாததைத் தெரியாது என்பான். யோசனை சொல்வதிலேயே திருப்தியடைகிறவன், தான் உதவி செய்தோம் என்ற நிறைவைத்தான் நாடியிருக்கிறான். ஆகவே தேடல் இல்லாத நிய்யத் இன்னும் முழுமையான நல்ல நிய்யத் ஆகவில்லை.

இதனால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லவே கூடாது என்று ஆகிவிடாது. வாகனம் பிடித்துக் கொடுப்பதும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதும், இரத்தம் கொடுப்பதும், மருந்துச் செலவுக்கு உதவுவதும் எல்லோராலும் முடிந்த நன்மைகள். அவற்றுக்கு மருத்துவ இல்ம் தேவையில்லை. நிய்யத் அங்கே முழுக் கூலியையும் பெற்றுத் தரும், இன்ஷா அல்லாஹ்.

உடல்நலம் பற்றிய செய்தி உங்கள் கைக்கு வந்தால், இதைச் சொன்னவர் யார், அவருக்கு இதில் இல்ம் உண்டா என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் உங்கள் கையோடு அது நின்றுபோகட்டும். பழைய கிதாபில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கிதாபு, எந்த இடம் என்று கேளுங்கள். அரபி ஓதும் பிள்ளைகளில் ஒருவராவது மருத்துவமும் படித்து, நம் நூலகங்களில் உறங்கும் அந்தப் பிரதிகளைத் திறந்து பார்க்க முன்வரட்டும்.

முன்னோர்களைக் கண்ணியப்படுத்துவது, அவர்கள் அன்று கொடுத்த மருந்தை இன்று யோசிக்காமல் கொடுப்பதால் நடக்காது. அவர்கள் தெரியாத இடத்தில் கையை இழுத்துக்கொண்டார்கள், கண்டதை மறைக்காமல் எழுதினார்கள், ஒரு நுக்தாவுக்காகத் திரும்பப் படித்தார்கள். அந்தப் பயபக்தியில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்தால், அவர்களின் பெயரைச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

அல்லாஹு தஆலா நம் நிய்யத்துகளைத் தூய்மையாக்கி, அதற்கேற்ற இல்மையும் தந்தருள்வானாக! நம் நாவாலும் கையாலும் எந்த அடியாருக்கும் கேடு வராமல் பாதுகாப்பானாக! நம் ஊரிலும் எங்கும் நோயுற்றுக் கிடப்பவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வைத்தியர்களுக்கும் செவிலியர்களுக்கும் நல்ல திறமையையும் பரக்கத்தையும் வழங்குவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.